ஆறே போதும்! அமெரிக்காவின் ரிவால்வர் பரம்பரை

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே எங்கள் தெருவுக்குத் துப்பாக்கி வந்துவிடும். தகரத்தில் செய்த கறுப்புத் துப்பாக்கி. வயிற்றைத் திறந்தால் கேப் சுருளை மாட்ட ஒரு கம்பி இருக்கும். நாலு வெடி வெடித்ததும் சுருள் மடங்கிச் சிக்கிக்கொள்ளும். அப்புறம் உருவி எடுத்து, கிழித்து, அம்மிக்கல்லில் வைத்துத் தட்டுவதுதான் வழி. பிறகு ரிங் கேப் வந்தது. சின்ன பிளாஸ்டிக் வட்டம், அதில் எட்டுப் பொட்டு. விசையை இழுத்தால் வட்டம் ஒரு பல் நகரும், ஒன்று வெடிக்கும். சிக்காது. ஆனால் எட்டோடு சரி. "ஒரு சுருள்ல எத்தனை வெடி இருக்கு, இந்த எட்டுக்கா அவ்வளவு காசு?" என்பான் அண்ணன். வெடிக்கிற எட்டு போதும் என்பேன் நான். அந்த வழக்கு எங்கள் வீட்டில் தீரவே இல்லை.

அதே வழக்கை எழுபதைத் தாண்டிய ஒரு தாத்தாவும் அவருடைய பேத்தியும் நிஜத் துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு நடத்துவதை டெக்ஸஸில் பார்த்தேன்.

சித்தி மகன் டாலஸ் நகருக்கு வெளியே குடியிருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். "அண்ணா, அவரோட ஒரு தடவை ரேஞ்சுக்குப் போயிட்டு வாங்க. உங்களுக்குக் கட்டுரைக்கு ஆகும்" என்றான். போவதற்கு முன் ஒரு சிக்கல். சுற்றுலா விசாவில் வந்தவன் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். அதே சட்டத்தில் ஒரு சந்தும் உண்டு: ஏதாவது ஒரு மாநிலத்தின் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு. தம்பி உட்கார்ந்த இடத்திலேயே சில நாள் உரிமம் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். முயல் கறிகூடத் தின்னாத நான் அரைமணி நேரத்தில் டெக்ஸஸ் வேட்டைக்காரன் ஆனேன்.

ரேஞ்ச் என்பது நீளமான கொட்டகை. வரிசையாகத் தடுப்புகள், ஒவ்வொன்றின் எதிரிலும் கம்பியில் தொங்கும் காகித இலக்கு. கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்குக் கவசம். வாசனை மட்டும் எனக்குப் பழக்கமானது: தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் நிற்கிற அந்த வாசனை.

பெரியவர், அவர் மகன், மகனின் மகள் என மூன்று தலைமுறை வந்திருந்தது. பெரியவர் மேசைமேல் ஒரு துணியை விரித்து, அதன்மேல் ஒரு ரிவால்வரை வைத்தார். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் மாடல் 19. பணியில் சேர்ந்த காலத்தில் வாங்கியது. உறையில் போட்டுப் போட்டு எடுத்ததில் குழல் நுனியின் நீலப் பூச்சு தேய்ந்து வெள்ளையாகியிருந்தது. மரப்பிடியில் அவர் உள்ளங்கை படும் இடம் மட்டும் வழுவழுப்பு. நம் வீட்டு அருவாமனைப் பலகையில் பாட்டி கால் வைத்த இடம் போல.

உருளையை வெளியே தள்ளி, ஆறு அறையும் காலி என்று கண்ணால் காட்டி, விரலாலும் தடவிக் காட்டி, என்னிடம் கொடுத்தார். நான் சினிமா பார்த்து வளர்ந்தவன். மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி உருளையை 'டக்'கென்று மூடினேன். மூன்று தலைமுறையும் ஒரே சமயத்தில் முகம் சுளித்தது. கோயிலுக்குள் செருப்போடு போய்விட்டவனைப் பார்க்கும் பார்வை. உருளையைத் தாங்கி நிற்கும் சின்னக் கை ஒன்று இருக்கிறது, கிரேன் என்பார்கள். இப்படி வீசி மூடினால் அது வளையும். வளைந்தால் அறையும் குழலும் நேர்கோட்டில் நிற்காது. பெரியவர் திட்டவில்லை. துப்பாக்கியை வாங்கி, மறுபடி திறந்து, இடது கைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி மூடிக் காட்டினார். 'க்ளிக்' என்ற அந்தச் சத்தம் பழைய கோத்ரெஜ் பீரோவின் பூட்டு விழுகிற சத்தம்.

விரல்தான் மோட்டார்

ரிவால்வர், பிஸ்டல் இரண்டையும் நம் பத்திரிகைகள் ஒரே பொருளாகத்தான் எழுதுகின்றன. ஆட்கள் இரண்டாகப் பிரிவதற்குக் காரணம் உள்ளே இருக்கிறது. ரிவால்வரில் எல்லா வேலையையும் சுடுகிறவரின் விரல் செய்கிறது. விசையை இழுக்க இழுக்க உருளை ஓர் அறை நகர்ந்து பூட்டிக்கொள்கிறது, சுத்தியல் பின்னால் போகிறது, பிறகு விடுபட்டு விழுகிறது. வெடிமருந்துக்கு உள்ள ஒரே வேலை குண்டைத் தள்ளுவது. செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் வெடிமருந்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. வெடித்த வேகத்தில் மேல்மூடி பின்னால் பாய்ந்து, காலித் தோட்டாவை வெளியே எறிந்து, திரும்பி வரும்போது பிடிக்குள் இருக்கும் மேகஸினிலிருந்து அடுத்ததை அறைக்குள் தள்ளுகிறது. அதனால் விசை இலேசு, வேகம் அதிகம், பதினைந்து பதினேழு தோட்டா கொள்ளும். ஆனால் ஒவ்வொரு வெடியும் அடுத்த வெடிக்குக் கடன்பட்டிருக்கிறது. ஒன்று வெடிக்காவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். கையால் மூடியை இழுத்துவிட்டால்தான் மீண்டும் ஓடும்.

அன்றைக்கு இதைக் கண்ணால் பார்த்தேன். பெரியவர் மூன்றாவது முறை விசையை இழுத்தபோது 'டிக்' என்று மட்டும் கேட்டது. புஸ்வாணம். அவர் கை அசையவில்லை. மறுபடி இழுத்தார், உருளை நகர்ந்தது, அடுத்தது வெடித்தது. தலையைத் திருப்பிப் பேத்தியைப் பார்த்தார். அந்தப் பெண் கண்ணை உருட்டினாள். ரிவால்வர்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் வாதம் மொத்தமும் அந்த ஒரு பார்வையில் அடக்கம்.

என் முறை வந்தது. நான்கரை, ஐந்து கிலோ எடையை ஒற்றை விரலால் இழுப்பது போன்ற நீண்ட இழுப்பு. எப்போது வெடிக்கும் என்று தெரியாத அந்த அரை நொடியில் குழல் நுனி ஆடிப்போகிறது. முதல் குண்டு காகிதத்தின் ஓரத்தைக்கூடத் தொடவில்லை. சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டுச் சுடலாம் என்றார் பெரியவர். அப்படிச் செய்தால் விசை இறகுபோல இலேசாகிறது. குண்டு பட்டது. ஆறு முடிந்து உருளையைத் திறந்தபோது எனக்குள் இனம்புரியாத நிம்மதி. எண்ணிக்கை தெரிகிறது, அறை தெரிகிறது, எது காலி எது மிச்சம் என்பது கண்ணெதிரே இருக்கிறது. பேத்தியின் க்ளாக் பிஸ்டலில் இதெல்லாம் கறுப்பு பிளாஸ்டிக்குக்கு உள்ளே நடக்கிறது. ரிவால்வர்மேல் ஆட்களுக்கு உள்ள பிடிப்பு பெரும்பாலும் இதுதான் என்று எனக்குப் படுகிறது. அதன் வயிற்றில் ஒளிவுமறைவு இல்லை.

கல்கத்தா போன கப்பல்

இந்தக் கதையின் தொடக்கத்தில் நம் நாட்டுக்கும் ஒரு மூலையில் இடம் உண்டு. 1830-ல் சாமுவேல் கோல்ட் என்ற பதினாறு வயதுப் பையன் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பிய 'கோர்வோ' என்ற கப்பலில் வேலைக்குச் சேர்ந்தான். கப்பலின் சுக்கான் சக்கரம் சுழன்று ஓரிடத்தில் நிற்பதைப் பார்த்து, சுழலும் உருளையை மரத்தில் செதுக்கினான் என்பது அவரே பரப்பிய கதை. சுக்கானா, நங்கூரம் தூக்கும் சக்கரமா என்பதில் கதை ஆளுக்கு ஆள் மாறும். சுழல் துப்பாக்கிகள் அதற்கு முன்பே இருந்தன. எலிஷா காலியர் என்பவரின் சக்கிமுக்கிக் கல் சுழல் துப்பாக்கி ஆங்கிலேயப் படையினர் வழியாக இந்தியாவுக்கு வந்திருந்தது. கோல்ட் கல்கத்தாவில் அதைப் பார்த்திருக்கலாம் என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. எப்படியோ, 1836-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். முதல் தொழிற்சாலை 1842-ல் திவாலானது. 1847-ல் டெக்ஸஸ் ரேஞ்சரான சாமுவேல் வாக்கரின் யோசனையோடு, இரண்டு கிலோ எடையுள்ள பூதம் ஒன்றைச் செய்து அரசுக்கு ஆயிரம் விற்றார். அங்கிருந்து நிற்கவில்லை. 1873-ல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி, கௌபாய் படங்களின் இடுப்பில் தொங்குகிற அதே துப்பாக்கி.

1899-ல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் .38 ரிவால்வர் ஒன்றைக் கொண்டுவந்தது. பின்னாளில் மாடல் 10 என்று பெயர் வாங்கிய அது அறுபது லட்சத்துக்கு மேல் விற்றது. அமெரிக்கப் போலீஸ் என்றால் இதுதான் என்று முக்கால் நூற்றாண்டு நின்றது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க ராணுவம் 1911-லேயே ரிவால்வரை ஓரங்கட்டி செமி ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டலுக்குப் போய்விட்டது. போலீஸ்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. 1967-ல் இலினாய் மாநிலப் போலீஸ் பிஸ்டலுக்கு மாறியபோது அது புதுமை. பெரியவர் பணியில் சேர்ந்த எழுபதுகளிலும் கூட இருந்தவர்களில் பிஸ்டல்காரரை விரல்விட்டு எண்ணிவிடலாமாம்.

பிடியைத் தளர்த்தியது ஒரு காலைப்பொழுது. 1986 ஏப்ரல் 11, மயாமி. இரண்டு வங்கிக் கொள்ளையர்களை எஃப்.பி.ஐ. ஆட்கள் எட்டுப் பேர் மடக்கினார்கள். இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேருக்குக் காயம். எட்டுப் பேரில் பெரும்பாலோர் கையில் இருந்தது ரிவால்வர். கையில் அடிபட்ட ஓர் அதிகாரியால் ரத்தம் தோய்ந்த அறைகளுக்குள் மறுபடி தோட்டா போட முடியவில்லை. ஆறு முடிந்தபின் என்ன என்ற கேள்விக்கு இதைவிடக் கொடூரமான விடை வேண்டியதில்லை. எஃப்.பி.ஐ. அதன்பிறகு பிஸ்டலுக்கு நகர்ந்தது. அதே காலத்தில் ஆஸ்திரியாவிலிருந்து க்ளாக் அமெரிக்காவுக்குள் வந்தது. பதினேழு தோட்டா, பிளாஸ்டிக் உடம்பு, விலையும் குறைவு.

ஆனால் ரிவால்வர்காரர்களிடம் இதைச் சொன்னால் இதே சம்பவத்தின் மறுபக்கத்தைத் திருப்பிக் காட்டுவார்கள். அந்தச் சண்டையை முடித்தது எட்மண்டோ மிரெலெஸ் என்ற அதிகாரியின் ரிவால்வர். ஒரு கை சிதைந்துபோன நிலையில், எழுந்து நடந்து, மற்றொரு கையால் ஆறையும் சுட்டார். பெரியவரும் இதைத்தான் சொன்னார். ஒரே நிகழ்ச்சி, இரண்டு கட்சிக்கும் சாட்சி.

நியூயார்க் போலீஸ் 1993-ல் பிஸ்டலுக்கு மாறியது. ஏற்கெனவே ரிவால்வர் வைத்திருந்தவர்கள் விரும்பினால் தொடரலாம் என்று விட்டுவைத்தார்கள். கால் நூற்றாண்டு கழிந்து, 2018 ஆகஸ்ட்டோடு எல்லோரும் மாறியாக வேண்டும் என்று உத்தரவு வந்தபோதும், மாறாத பிடிவாதக்காரர்கள் சிலர் மிச்சமிருந்தார்கள்.

தாத்தாவுக்கு ஒரு காரணம், பேத்திக்கு ஒரு காரணம்

மூன்று தலைமுறைக்கும் ரிவால்வர் பிடிக்கும் என்று முதலில் நினைத்தேன். பேசப் பேச, மூன்று பேருக்கும் மூன்று வெவ்வேறு பொருள் பிடித்திருக்கிறது என்று தெரிந்தது.

பெரியவருக்கு அது பணிக்கருவி. கொத்தனாருக்குக் கரண்டி போல. மாடல் 19 பிறந்ததே எல்லைக் காவல் படையின் பில் ஜோர்டான் என்பவர் சொன்ன யோசனையில்தான்: நாள் முழுக்க இடுப்பில் சுமக்கிற எடையில், ஆனால் .357 மேக்னம் போன்ற கனத்த தோட்டாவைத் தாங்குகிற மாதிரி ஒன்று. 1955-ல் வந்தது. பெரியவர் எந்தப் புத்தகத்தையும் படித்து இதை விரும்பவில்லை. கொடுத்தார்கள், பழகினார், கை அதன்படி வளைந்துவிட்டது. துறை பிஸ்டலுக்கு மாறியபோது பயிற்சி முடித்து, பத்து வருஷம் அதையும் சுமந்திருக்கிறார். அதைப் பற்றிப் பேச அவருக்கு ஒன்றுமில்லை.

மகனுக்கு அது பொக்கிஷம். கணினி வேலைக்காரர். அவர் கொண்டுவந்தது கோல்ட் பைத்தான். ரிவால்வர் உலகில் பைத்தானுக்கு உள்ள மரியாதை நம் ஊரில் புல்லட் மோட்டார் சைக்கிளுக்கு உள்ளது. 1955-ல் வந்து, கைவேலை அதிகம், கட்டுப்படியாகவில்லை என்று 2005-ல் நின்றுபோனது. நின்றதும் விலை ஏறியது. 'தி வாக்கிங் டெட்' தொடரின் நாயகன் இடுப்பில் அது ஏறியதும் விலை பறந்தது. 2020-ல் கோல்ட் அதைத் துருப்பிடிக்காத எஃகில் மறுபடி கொண்டுவந்தது. பழையது கையால் அரம்போட்டு இழைத்தது, புதியது கணினி வெட்டியது, இரண்டும் ஒன்றா என்று மகனும் அப்பாவும் வாதாடினார்கள். அவர்களுக்கு நடுவே என்னால் ஒரு வித்தியாசமும் காண முடியவில்லை என்பதை வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

சினிமாவுக்கு இதில் பங்கு பெரியது. 1971-ல் கிளின்ட் ஈஸ்ட்வுட் 'டர்ட்டி ஹாரி'யில் .44 மேக்னம் மாடல் 29-ஐத் தூக்கியபோது, கடைகளில் அதற்குத் தட்டுப்பாடு வந்தது. எலும்பு நோகிற அளவுக்கு உதைக்கும் அதை வாங்கி ஒரு பெட்டித் தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டுப் பீரோவில் வைத்தவர்கள் ஏராளம் என்று மகன் சிரித்தார். அதில் அவர் நண்பரும் ஒருவராம்.

பேத்திக்கு இருபத்து மூன்று வயது. அவளுக்கு அது சவால். போட்டிக்குச் சுடுவது பிஸ்டலால்தான். ஆனால் வாரத்துக்கு ஒருநாள் தாத்தாவின் ரிவால்வரை வாங்கி, தோட்டா இல்லாமல், சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து நூறு தடவை விசையை இழுப்பாள். கனமான அந்த இழுப்பில் நுனி ஆடாமல் நிறுத்தப் பழகிவிட்டால், பிஸ்டல் பிறகு விளையாட்டுப் பொருள். சுருதிப்பெட்டி இல்லாமல் பாடிப் பழகுகிற மாணவி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் வணங்கும் பெயர் ஜெர்ரி மிக்குலெக். லூசியானாக்காரர். 1999-ல் ரிவால்வரில் ஆறு சுட்டு, உருளையைத் திறந்து காலியைக் கொட்டி, புது ஆறைப் போட்டு, அதையும் சுட்டு முடிக்க அவர் எடுத்துக்கொண்ட நேரம் 2.99 நொடி. இந்தப் பத்தியை நீங்கள் பாதி படிப்பதற்குள் பலமுறை முடித்திருப்பார். அவருக்கும் முன்னால், 1932-ல் எட் மெக்கிவர்ன் என்பவர் 0.45 நொடியில் ஐந்து குண்டு சுட்டு, எல்லாவற்றையும் கையகல இடத்துக்குள் இறக்கினார். ரிவால்வர் மெதுவானது என்று சொல்கிறவர்களிடம் பேத்தி இந்த இரண்டு எண்களையும் சொல்வாள். அவர்களைப் போல் சுடுகிறவர் உலகத்தில் எத்தனை பேர் என்று அவள் அப்பா திருப்பிக் கேட்பார்.

ஒரு துவாரத்துக்கு வந்த கோபம்

இந்தக் கூட்டத்தின் சுபாவத்தைப் புரிந்துகொள்ள ஒரு சின்னத் துவாரத்தின் கதை போதும். 2000-ல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன், கிளின்டன் அரசோடு பாதுகாப்பு ஏற்பாடுகள் குறித்து ஓர் ஒப்பந்தம் போட்டது. துப்பாக்கிக்காரர்கள் கொதித்தெழுந்து நிறுவனத்தைப் புறக்கணித்தார்கள். வியாபாரம் சரிந்து, 2001-ல் நிறுவனமே கைமாறியது. வாங்கியது துப்பாக்கிப் பூட்டு செய்யும் ஒரு கம்பெனி. சாவி போட்டுத் திருகினால் விசை வேலை செய்யாத பூட்டு ஒன்று ரிவால்வருக்குள்ளேயே வந்தது. அதற்கான சாவித் துவாரம் இடது பக்கத்தில், குண்டூசித் தலையைவிடச் சற்றுப் பெரியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் துவாரத்தைத் திட்டித் தீர்த்தார்கள். துவாரம் இல்லாத பழைய மாடலுக்குக் கூடுதல் விலை வைத்தார்கள். அண்மையில் நிறுவனம் பூட்டு இல்லாத மாடல்களை மறுபடி கொண்டுவந்தபோது, பேரன் பிறந்த வீட்டைப் போல் கொண்டாடினார்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கும் நாட்டில் ஒரு பூட்டு இருந்துவிட்டுப் போகட்டுமே என்று எனக்குத் தோன்றியது. சொன்னேன். பெரியவர், பெட்டிக்குப் பூட்டு வேண்டும், துப்பாக்கிக்கு வேண்டாம் என்றார். அவர் வீட்டில் இரும்புப் பெட்டி இருக்கிறது. எல்லா வீட்டிலும் இருக்கிறதா? 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல், 26,000-க்கும் அதிகமானோர், தம்மையே சுட்டுக்கொண்டவர்கள். ஆறு தோட்டாவா, பதினேழா என்ற வாதத்துக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. அங்கே ஒன்று போதும். எப்போதும் தயாராக, எந்தப் பழக்கமும் தேவையில்லாமல், படுக்கையோர இழுப்பறையில் வருஷக்கணக்கில் கிடந்தாலும் வேலை செய்யும் என்பது ரிவால்வருக்கு அதன் ரசிகர்கள் கொடுக்கும் நற்சான்று. அதே வாக்கியத்தைத் திருப்பிப் படித்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அன்றைக்கு அந்த மேசையில் இதற்கு மேல் யாரும் பேசவில்லை.

கடைக்காரர்கள் செய்கிற ஒரு தப்பையும் சொல்ல வேண்டும். முதல்முறை வாங்க வரும் பெண்ணிடம், 'உங்களுக்கு இதுதான் சரி' என்று ஐந்து தோட்டாக் குட்டி ரிவால்வரை நீட்டுவது அங்கே வாடிக்கை. கைப்பைக்குள் அடங்கும், நானூற்றுச் சொச்சம் கிராம்தான். ஆனால் எடை குறையக் குறைய உதை கூடும். குழல் குட்டையானால் குறி தவறும். அனுபவசாலிக்கே அடங்காத துப்பாக்கியைப் புதியவர் தலையில் கட்டுகிறார்கள் என்று பேத்தி பொரிந்து தள்ளினாள். மறுபக்கம், மூட்டுவாதம் வந்த முதியவர்களால் பிஸ்டலின் மேல்மூடியைப் பின்னால் இழுக்க முடியாது. அவர்கள் ரிவால்வருக்குத் திரும்புகிறார்கள். ஆனால் அதே மூட்டுவாத விரலுக்கு ஐந்து கிலோ விசையும் கஷ்டம்தான்.

நம் பக்கம்

நம் நாட்டில் ரிவால்வரா பிஸ்டலா என்ற வாதம் எழுவதற்கே முதலில் லைசென்ஸ் வேண்டும். அது கிடைத்தாலும் ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் 9 எம்.எம். போன்ற அளவுகள் பொதுமக்களுக்குத் தடை. அதனால் இந்தியாவில் சட்டப்படி கைத்துப்பாக்கி வைத்திருப்பவர் என்றால் பெரும்பாலும் .32 அளவுதான், அதிலும் கான்பூர் அரசுத் தொழிற்சாலை செய்யும் ரிவால்வர், வெள்ளைக்காரன் விட்டுப்போன வெப்லியின் சாயலில் நடுவில் மடிந்து திறக்கும் வகை. 2014-ல் பெண்களுக்காக என்று 'நிர்பீக்' வந்தது. எடை அரைக் கிலோ, அப்போதைய விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். உருளை பக்கவாட்டில் திறக்கும் 'பிரபல்' 2023-ல்தான் வந்தது. அமெரிக்காவில் 1890-களிலேயே வழக்கத்துக்கு வந்துவிட்ட ஏற்பாடு அது. தேர்தல் அறிவித்ததும் இவை எல்லாம் காவல் நிலையத்துக்குப் போய் ரசீதோடு தூங்கும். டெக்ஸஸ் பெரியவரிடம் இதைச் சொன்னபோது மொழிபெயர்ப்பில் ஏதோ பிழை என்று நினைத்துவிட்டார்.

தமிழ்நாட்டின் கதையில் இரண்டு வகைக்கும் ஓர் இடம் உண்டு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்து பிரௌனிங் பிஸ்டல். அமெரிக்க ராணுவம் பிஸ்டலுக்கு மாறிய அதே ஆண்டு. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டது ரிவால்வரால். ஜெய்சங்கர் கௌபாய் தொப்பியோடு குதிரை ஏறிய, இயக்குநர் கர்ணனின் படங்களும், சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸில் வந்து இறங்கிய டெக்ஸ் வில்லரும் சேர்ந்து ஒரு தலைமுறைக்கு ரிவால்வர் என்ற சொல்லையே பழக்கினார்கள். டெக்ஸ் வில்லர் டெக்ஸஸ் ரேஞ்சர். ஆனால் 1948-ல் இத்தாலியில் பிறந்தவர். டெக்ஸஸில் அன்று எனக்கு எதிரே நின்ற மூவரில் ஒருவர்கூட அவரைக் கேள்விப்பட்டதில்லை. எங்கள் ஊரில் அவருக்கு ரசிகர் கூட்டமே உண்டு என்றதும் பேத்தி தன் கைப்பேசியில் பெயரைக் குறித்துக்கொண்டாள்.

நம் சினிமா ஒரு பாவமும் செய்கிறது. வில்லன் ரிவால்வரின் நுனியில் சைலன்ஸரைத் திருகிவிட்டு 'ப்ஸ்க்' என்று சுடுவான். உருளைக்கும் குழலுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. தாளை நுழைக்கும் அளவுதான், ஆனால் வெடிச்சத்தமும் சூடான வாயுவும் அதன் வழியாகவே பீறிடும். அந்த இடத்தில் விரல் வைத்தால் விரல் கிழியும். நுனியில் எதை மாட்டி என்ன? சுடும்போது உருளையே முன்னால் நகர்ந்து அந்தச் சந்தை அடைக்கும்படி செய்த 1895-ம் ஆண்டு ரஷ்ய நகான் போன்ற விதிவிலக்குக்கு மட்டும்தான் சைலன்ஸர் பலிக்கும்.

நேரம் முடியப்போகிறது என்று ரேஞ்ச்காரர் வந்து சொன்னார். பேத்தி க்ளாக்கில் கடைசி மேகஸினைப் போட்டு, பதினைந்தையும் நான் மூச்சு விடுவதற்குள் காகிதத்தின் நடுவே இறக்கினாள். பெரியவர் கணுக்கால் உறையிலிருந்து ஒரு குட்டி ரிவால்வரை எடுத்தார். ஐந்து தோட்டா. பணியில் இருந்தபோது இரண்டாவது துப்பாக்கியாக வைத்திருந்ததாம். நிதானமாக ஐந்தையும் சுட்டார். இரண்டு குண்டு பேத்தி போட்ட துளைக்குள்ளேயே போயிருந்தது. உருளையைத் திறந்து, துப்பாக்கியைக் கவிழ்த்து, தள்ளுகம்பியை உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். குட்டித் துப்பாக்கிக்குக் கம்பியும் குட்டை. நாலு காலித் தோட்டா தரையில் விழுந்தது. ஐந்தாவது பாதி வெளியே வந்து, நட்சத்திரம் போன்ற தட்டுக்கு அடியில் புகுந்து மாட்டிக்கொண்டது. சிக்கவே சிக்காது என்று சொல்லப்படுகிற துப்பாக்கி, இப்படிச் சிக்கினால் மூடவும் முடியாது, சுடவும் முடியாது. பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நகத்தால் அதைக் கிண்ட ஆரம்பித்தார். பேத்தி தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்து, ஒன்றும் சொல்லாமல் நீட்டினாள். அதை எப்போதிலிருந்து பையில் வைத்திருக்கிறாள் என்று தாத்தா கேட்கவில்லை.